ஆளுக்கு ஒண்ணு இருபது

எங்கள் மாமா தர்பூசணி வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது. பழத்தைக் குறுக்கே இரண்டாகப் பிளப்பார். ஒரு பாதியை நிமிர்த்தி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். எங்களுக்கோ எச்சில் ஊறிக்கொண்டிருக்கும். "சீக்கிரம் மாமா" என்றால், "இரும்மா, ஜல்தி பண்ணா கோணலாப் பூடும்" என்பார். பிறகு மடமடவென்று ஐந்து கோடு விழும். ஐந்து வீட்டுக்கும் ஐந்து துண்டு. எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பது எதுவோ அது அவருடையது.

ஐந்து வீடு என்றது அம்மாவையும் அவளுடைய நான்கு அண்ணன்களையும். அம்மா கடைக்குட்டி. நான் சொல்லிக்கொண்டிருக்கும் மாமா அண்ணன்களில் இரண்டாமவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஒரே தெருவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஐந்து வீடுகளும் இருந்தன. கூப்பிடாமலேயே கேட்கும் தூரம் என்று அப்பா சொல்வார். அவர் வீட்டோடு மாப்பிள்ளை. அவர் கஷ்டம் அவருக்கு.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் எனக்குக் குறும்பு வந்து, ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து வந்து அவர் வெட்டிய துண்டுகளை அளந்தேன். ஒரு வட்டத்தை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எழுபத்திரண்டு டிகிரி வர வேண்டும். நான்கு துண்டும் எழுபத்திரண்டுக்கு ஒரு மயிரிழை கூட. ஐந்தாவது மட்டும் எழுபத்தொன்றரை. அது யாருடைய துண்டு என்று சொல்லத் தேவையில்லை.

"மாமா, உங்க துண்டுல அரை டிகிரி கம்மி. முப்பது நிமிஷம்."

"இன்னாது நிமிஷம்?"

"ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம் மாமா. கோணத்துக்கும் நிமிஷம் உண்டு, செகண்டு உண்டு."

மாமா என்னையும் பார்த்தார், தர்பூசணியையும் பார்த்தார். "பழத்துக்குள்ள கடியாரம் வெச்சிருக்கானா? போம்மா, கொட்டைய துப்பிட்டுத் தின்னு." அன்றைக்கு அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் எவ்வளவோ பேஜார் மிச்சமாகியிருக்கும்.

அவர் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் அவருடைய வேலை. திண்டிவனம் போகிற சாலையில் ஒரு எடைமேடையில் அவர் இருந்தார். திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரி, கரும்பு லாரி, சவுக்குக்கட்டை லாரி எல்லாம் அவர் முன்னால் வந்து ஏறி நின்று இறங்கிப் போகும். காலை முதல் மாலை வரை அவருக்கு எல்லாமே டன்தான். பன்னிரண்டு டன் நானூற்றைம்பது கிலோ என்று இழுக்க மாட்டார். "பன்னெண்டு பாயிண்ட் நாப்பத்தஞ்சு" என்பார், அவசரமாக இருந்தால் பாயிண்டையும் முழுங்கிவிட்டு, "பன்னெண்டு நாப்பத்தஞ்சு." அந்த மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. பத்துப் பத்தாக நூறு தடவை ஏறினால் ஒரு டன். ஒருமுறை நான் போயிருந்தபோது, லாரி எதுவும் இல்லாத நேரத்தில் அவரே மேடை நடுவில் போய் நின்று காட்டினார். எழுபது என்று காட்டியது, கொஞ்சம் மூச்சை இழுத்தார், எண்பது என்று காட்டியது. "பாத்தியா, மாமாவுக்கு ஒரு மூச்சு பத்து கிலோ" என்று சிரித்தார்.

சட்டைப் பையில் ஒரு கால்குலேட்டர் எப்போதும் இருக்கும். ஜல்லித் தூசு படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். கவரோடு சேர்த்தே பட்டனை அழுத்துவார். கல்யாண வீட்டில் லட்டு வந்தால் அழுத்துவார், கோயில் கூழுக்குக் கேப்பை எவ்வளவு என்று அழுத்துவார். யாருக்கும் ஒரு குண்டுமணி குறைந்துவிடக் கூடாது. அவருக்குக் குறைந்தால் பரவாயில்லை. இதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. பங்கு பிரிக்கிறவனுக்கு இதுதான் வேலை என்கிற மாதிரி இருப்பார்.

எடைமேடையில் எடை இடித்தால் எல்லாரும் டிரைவரைத்தான் முதலில் முறைப்பார்கள். மாமா மேடையை முறைப்பார். இறங்கிப் போய், அடியில் கல் சிக்கியிருக்கிறதா, சேறு ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மெஷின் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆள் பக்கம் திரும்புவார். அந்த டிரைவர்கள் அவரை 'மாமா' என்றே கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

தாத்தா போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணத்தில் செய்தது போதாதா என்று பெரிய மாமா இழுத்தபோது, "பாப்பாவுக்குப் பங்கு இல்லன்னா எனக்கும் வாணாம்" என்று எழுந்து நின்றவர் இவர்தான். அம்மாவை அவர் கடைசி வரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். நிலம் ஐந்தாயிற்று. ஆனால் கிணறு ஒன்று. மோட்டார் ஒன்று. அதைக் கத்தி வைத்து வெட்ட முடியாதே.

முதலில் ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அது சரிப்படவில்லை. சின்ன மாமா முறை வருகிற நாளாகப் பார்த்து எங்காவது லைன் அறுந்துவிடும். அவருக்கு அந்த நாளே போய்விடும். அப்போது எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓடுகிற கரண்ட் பகலில் ஆறு மணி நேரம்தான் வரும், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. தினமும் அந்த ஆறு மணி நேரத்தை ஐந்து பேரும் பிரித்துக்கொண்டால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றியது. கால்குலேட்டரை எடுத்தார். ஆறை ஐந்தால் வகுத்தார். ஒன்று பாயிண்ட் இரண்டு என்று வந்தது.

"ஆளுக்கு ஒண்ணு இருபது" என்று அறிவித்தார். எடைமேடைக்காரருக்கு ஒன்று பாயிண்ட் இரண்டு என்றால் ஒன்று இருபதுதானே. கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் ஒன்று இருபது என்றால் ஒரு மணி இருபது நிமிஷம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமா பிரித்ததை யார் திரும்பப் பிரித்துப் பார்ப்பார்கள்? விழுப்புரத்தில் ஆடிட்டர் ஆபீசில் நாள் பூராவும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே உறைக்கவில்லை.

வரிசையும் அவரே வைத்தார். முதலில் பெரிய மாமா, அப்புறம் மூன்றாவது மாமா, அப்புறம் சின்ன மாமா, நான்காவதாக அம்மா. கடைசியில் அவர். மோட்டார் கொட்டகையில் ஒரு கடிகாரம் மாட்டினார்கள். ஒருவர் மடையை அடைத்ததும் அடுத்தவர் திறந்துகொள்வார். நேரத்தைப் பார்ப்பார்கள், ஒரு மணி இருபது நிமிஷம் ஓட்டுவார்கள், விடுவார்கள்.

முதல் வருஷம் மழை காப்பாற்றிவிட்டது. அடுத்த கோடையில் ஐந்து கழனியிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார்கள். நான்கு கழனி பச்சைப் பசேல் என்று இருந்தது. மாமாவின் கழனி மட்டும் கடைசிப் பாத்திகளில் இலை சுருண்டு மஞ்சளாகிவிட்டது. மாமா பகலெல்லாம் எடைமேடையில் இருப்பதால் தண்ணீர் கட்டுவது அத்தைதான். "பாதி பாத்தி நனையறதுக்குள்ள கரண்ட்டு பூடுதுங்க" என்று அத்தை தினமும் சொன்னாள்.

மாமா வழக்கம்போல மெஷினிலிருந்து ஆரம்பித்தார். திண்டிவனத்தில் கரண்ட் ஆபீசுக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார், படித்த பெண் கூட இருந்தால் மதிப்பார்கள் என்று. அங்கே இன்ஜினியராக ஒரு மேடம் இருந்தார்கள்.

"மேடம், ஆறு மணி நேரம் கரண்ட்டுன்னு சொல்றீங்க. எங்களுக்கு முழுசா வர்றது இல்லீங்க."

"ஒம்போதுக்குப் போடறோம், மூணுக்கு எடுக்கறோம் ஐயா. ஒரு நிமிஷம் முன்ன பின்ன கிடையாது."

மாமா கவரோடு கால்குலேட்டரை மேஜைமேல் வைத்தார். "நாங்க அஞ்சு பேரு. ஆளுக்கு ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. பெருக்கிப் பாருங்க." மேடம் பெருக்கினார்கள். ஆறு என்று வந்தது. "கரெக்ட்டாதானே இருக்குது?" என்றார்கள். "கரெக்ட்டா இருக்குதில்ல? அப்ப ஏன் எனக்குப் பாதியில நின்னு பூடுது?" என்றார் மாமா. மூன்று பேரும் அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மேடம், "உங்க கடியாரத்தைப் பாருங்க ஐயா" என்றார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் புதுசாக ஒன்று வாங்கி மாட்டினார். அதற்கும் இலை சுருண்டது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று மாட்டி, இரண்டும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று ஒரு வாரம் அத்தையைப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின. மெஷின்கள் தீர்ந்துவிட்டன. இனி ஆள்தான் பாக்கி.

"பாப்பா எத்தினி மணிக்கு மடைய மாத்துது?" என்று அத்தையைக் கேட்டார்.

"ரெண்டு இருபதுக்கு."

மாமா மூன்றிலிருந்து பின்னால் எண்ணினார். அவருடைய ஒரு மணி இருபது நிமிஷம், ஒன்று நாற்பதுக்கு ஆரம்பிக்க வேண்டும். பாப்பா இரண்டு இருபதுக்கு விடுகிறாள். நாற்பது நிமிஷம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செருப்பைக் கழற்றவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை.

"பாப்பா, நீ ஒண்ணு நாப்பதுக்கு விடணும். ரெண்டு இருபதுக்கு விட்டுக்கினு இருக்குற."

"ஒரு மணிக்கு எனக்குத் தண்ணி வருது, ரெண்டு இருபதுக்கு விடறேன். நீ சொன்ன கணக்குதானே அண்ணா?"

"என் கணக்குல நாப்பது நிமிஷம் காணோம். எனக்கு முன்னால ஓட்டறது நீதான்."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். "அப்ப நான் தண்ணி திருடறேன். அதச் சொல்றதுக்குத்தான் செருப்போட வந்து நிக்கறியா?"

மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பங்கு குடுன்னு நானா கேட்டேன்? நீதானே வாங்கிக் குடுத்த. வாங்கிக் குடுத்துட்டுத் திருடின்னு சொல்றதுக்கு, குடுக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள். மாமா திரும்பிப் போய்விட்டார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. எதிர் வீட்டில் அவரும் சாப்பிடவில்லை என்று அத்தை வந்து ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு பேச்சு வார்த்தை கிடையாது. தெருவில் எதிரே வந்தால் மாமா டீக்கடைக்குள் நுழைந்துவிடுவார். டீ குடிக்கிற பழக்கமே இல்லாத மனுஷன். எனக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருந்தது. வைகாசியில் எனக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். தாய்மாமன்கள் நான்கு பேர் இருந்தாலும், தட்டு மாற்றும்போது என் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று நான் தர்பூசணிக் காலத்திலேயே முடிவு செய்துவிட்டேன். "அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

மற்ற மாமாக்களையும் இவர் விடவில்லை. ஒவ்வொருவரையும் போய்க் கேட்டார். எல்லாரும் ஒரே பதில்: ஒன்று இருபதுக்கு மேல் ஒரு நிமிஷம் ஓட்டவில்லை. அப்படியானால் நாற்பது நிமிஷம் எங்கே போகிறது? அவர் தூக்கம் போயிற்று. சித்திரை வெயிலில் ஒருநாள், எடைமேடைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வந்ததிலிருந்து போகும் வரை கண்ணை எடுக்கப் போவதில்லை என்று தீர்மானம். மத்தியானம் அத்தை என்னிடம் சோற்றுத் தூக்கைக் கொடுத்தனுப்பினாள்.

நான் போனபோது இரண்டு கடிகாரங்களுக்கும் கீழே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கால்குலேட்டர். முகம் ஏதோ போல இருந்தது.

"எவனும் திருடலம்மா" என்றார். "ஒம்போதோட ஒண்ணு பாயிண்ட் ரெண்டக் கூட்டனேன், பத்து பாயிண்ட் ரெண்டு. பெரியவரு பத்து இருபதுக்கு விட்டாரு. அடுத்தது பதினொண்ணு நாப்பது. அதுவும் டான்னு விட்டான். மூணாவது பாரு." கால்குலேட்டரைக் காட்டினார். பன்னிரண்டு பாயிண்ட் ஆறு என்று இருந்தது. "பன்னெண்டு அறுபதுன்னு ஒரு மணி உண்டா?"

"அறுபது ஆனா ஒரு மணி ஆயிடும் மாமா."

"அத்தத்தான் சொல்றேன். ஒரு மணிக்குச் சின்னவன் விட்டான். பாப்பா எடுத்துது. எல்லாம் சரியா கீது." அவர் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தார், தின்னவில்லை.

கொட்டகைக்கு வெளியே அம்மா மம்முட்டியோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு இருபதுக்குச் சரியாகத் தன் கழனி மடையை அடைக்கப் போனாள். மாமா கால்குலேட்டரில் மறுபடியும் ஒன்று பாயிண்ட் இரண்டைக் கூட்டினார். பதின்மூன்று பாயிண்ட் எட்டு. "பதிமூணு எம்பது. எம்பதுல அறுபது போனா ஒரு மணி, மீதி இருபது. ரெண்டு இருபது. பாப்பாவும் டான்னுதான் கீது." பிறகு தன்னுடைய பங்கைக் கூட்டினார். பதினைந்து என்று வந்தது. பதினைந்து என்றால் மூன்று மணி.

கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது. விரலை மடக்கி எண்ணினார். இரண்டு இருபதோடு ஒரு மணி இருபது சேர்ந்தால் மூன்று நாற்பது. கால்குலேட்டரில் மூன்று. கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"எம்பதும் இருபதும் நூறு" என்று முணுமுணுத்தார். "இது நூறு ஆனதும் ஒரு மணி ஏத்திக்குது. நூறுக்கு எப்பிடி ஏறும்? அது டன்னாச்சே."

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அழுத்தினார். ஆறு பெருக்கல் அறுபது. முந்நூற்றறுபது. வகுத்தல் ஐந்து. கவருக்குள் எழுபத்திரண்டு என்று வந்து நின்றது.

"எழுவத்திரெண்டு நிமிஷம். ஒரு மணி பன்னெண்டு" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கு நீ தர்பூசணியில ஒண்ணு வெச்சு அளந்தியே. அதுவும் எழுவத்திரெண்டுதானே?"

"ஆமாம் மாமா."

அவ்வளவுதான். மாமா சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார், சோற்றுக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், மீசையெல்லாம் சோறு. "கத்தியில சரியா வெட்டிட்டு கால்குலேட்டர்ல கோட்டை வுட்டேனே!" எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினார். சித்திரை வெயிலில், செருப்பில்லாமல். நானும் பின்னால் ஓடினேன்.

அம்மா மடையை அடைப்பதற்கு மண் வெட்டிக்கொண்டிருந்தாள். இவர் வருவதைப் பார்த்து இன்னும் வேகமாக வெட்டினாள்.

"பாப்பா, திருடன் கெடச்சிட்டான்!"

அம்மா நிமிரவில்லை.

"நான்தான். உங்க நாலு பேருக்கும் தெனம் எட்டெட்டு நிமிஷம் நானே எடுத்துக் குடுத்திருக்கேன். என் பங்குலேர்ந்து. மணிய டன் கணக்கா அளந்துட்டேன் பாப்பா." அவர் கால்குலேட்டரை நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நாலெட்டு முப்பத்திரெண்டு. முப்பத்திரெண்டு நிமிஷம் தண்ணிக்கு என்னைத் திருடின்னு சொன்ன."

"சொல்லல."

"இல்லன்னும் சொல்லல."

மாமாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அது தப்பு" என்றார். "கணக்கு தப்பானது கூட பரவால்ல. அது தப்பு பாப்பா." அவர் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாவும் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். செருப்போடு வந்து நின்றதற்கு, தண்ணீர் வாங்காததற்கு, டீக்கடைக்குள் ஒளிந்ததற்கு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் திட்டினாள். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு இருவரும் வரப்பில் உட்கார்ந்து, பெரிய மாமாவுக்கு இந்தக் கணக்கு புரியுமா புரியாதா என்று பேச ஆரம்பித்து, அதற்கும் சிரித்தார்கள்.

திடீரென்று மோட்டார் நின்றது. மூன்று மணி.

அப்போதுதான் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். யாரும் மடையை மாற்றவே இல்லை. மாமாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த நாற்பது நிமிஷமும் அம்மாவின் கழனியிலேயே பாய்ந்து, குளம் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் காய்ந்த பாத்தியில் மம்முட்டியோடு நின்ற அத்தை, "இன்னிக்கு ஒரு சொட்டு கூட இல்லையா?" என்று கத்தினாள். "போனா போவட்டும்!" என்று மாமா பதிலுக்குக் கத்தினார். அந்த வருஷம் அவருக்கு மல்லாட்டை பாதிதான் தேறியது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. அத்தை நிறைய வருத்தப்பட்டாள்.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். மோட்டார் கொட்டகைச் சுவரில், இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில், 'டன் இல்லை, மணி' என்று மாமா பெயிண்டில் எழுதி வைத்தார். மாமா இல்லாமல் போய்ச் சில வருஷம் ஆகிறது. எழுத்து இன்னும் இருக்கிறது. வெளியாள் யாராவது படித்துவிட்டு என்ன என்று கேட்டால் பெரிய மாமா விளக்க ஆரம்பித்து நடுவில் குழம்பிவிடுவார்.

தேறின பாதி மல்லாட்டையிலும் ஒரு பையை வேகவைத்துத் தூக்கிக்கொண்டு மாமா திண்டிவனம் கரண்ட் ஆபீசுக்குப் போனார். மேடத்திடம், "உங்க மேல தப்பு இல்லீங்க. என் மேலதான். சொல்லாம இருந்தா மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் காகிதத்தில் பங்கு போட்டுக் கொடுத்தாராம். கடைசியில் பையில் மிஞ்சியது வெறும் தோல்.

வைகாசியில் என் நிச்சயதார்த்தம் நடந்தது. தட்டு மாற்றும்போது புதுச் சட்டையும் பழைய கால்குலேட்டருமாக மாமா என் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், ஐந்து வீடும் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். சீசனின் கடைசித் தர்பூசணி ஒன்று வந்தது. மாமா கத்தியை எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். சுற்றி வந்தார். ஐந்து துண்டு விழுந்தன.

வழக்கம்போலப் பெரிய மாமா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் சின்னதாக இருந்த ஒரு துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே கடைசிப் பங்கு என்னுது. அண்ணா, நீ மொதல்ல எடு."

"நான் எப்பிடி மொதல்ல..."

"எடுன்னா எடு."

மாமா கத்தியோடு நின்றார். அவர் முன்னால் நான்கு துண்டுகள். ஒன்றின் பக்கம் கையைக் கொண்டுபோனார், இழுத்துக்கொண்டார். இன்னொன்றைத் தொட்டார், விட்டுவிட்டார். அந்த வயது வரைக்கும் அவர் ஒரு பங்கைத் தேர்ந்து எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "எல்லாம் ஒண்ணாத்தானே கீது பாப்பா, இதுல எத்த எடுக்கறது?" என்றார்.

அம்மா எழுந்து போய், கைக்கு வந்த ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் திணித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிய, மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், மாமா அதை முழுசாகத் தின்று முடித்தார்.